உங்களை ரொம்ப விசாரிச்சாரு

எங்கள் டெலிபோன் ஆபீசில் ராத்திரி டியூட்டி பார்த்த அண்ணனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் மெட்ராஸில் இருக்கிறவனுக்குச் சொல்வது போலத்தான் பேசுவார். "ஏம்மா, சக்கர போதுமா?" என்று அவர் என்னைக் கேட்டால், சாலைக்கு அந்தப் பக்கம் கடை பெஞ்சில் இருப்பவர்களும் தங்கள் டீயை ஒரு வாய் ருசி பார்த்துக்கொள்வார்கள். எதைச் சொன்னாலும் முடிவில் "கேக்குதா?" என்பார். கேட்கிறது என்று நாம் சொல்லும் வரை அடுத்த பேச்சுக்குப் போக மாட்டார். சாமி கும்பிட்டு முடித்ததும் சாமியிடமே "கேக்குதா?" என்று கேட்பார் என்று அவருடைய மனைவி சொல்வதுண்டு. கட்டுக்கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கோயிலில் நானே பார்த்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் மரக்காணம் எக்ஸ்சேஞ்சில் நான் பகல் ஆபரேட்டர். மேற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து காலையில் பஸ்ஸில் வந்து, பொழுது சாய்ந்ததும் அவரிடம் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டுப் போவேன். ஒரு மர போர்டு, அதில் துளைகள், துளைகளில் செருகக் கயிறு கயிறாய் வயர்கள். உப்பு முதலாளிகள், ரைஸ் மில், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று கொஞ்சம் பேரிடம்தான் போன் இருந்தது. அந்தக் கொஞ்சம் பேர் ஊரையே வாங்கியது போல எங்களை அதட்டுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வயரைப் பிடுங்கிவிட்டு, "லைன் கட்டாயிடுச்சுங்க" என்று காற்றிடம் சொல்லிக்கொள்வேன். அண்ணன் அப்படி இல்லை. அவருக்கு வேறு வழி தெரிந்திருந்தது.

எங்கள் லைனைப் பற்றிச் சொல்லாமல் அந்த வழியைச் சொல்ல முடியாது. கடல் காற்று உப்பளங்களைத் தடவிக்கொண்டு வந்து டெலிபோன் கம்பங்களில் இருக்கும் வெள்ளைப் பீங்கான்கள் மேல் உப்பைப் பூசிவிடும். வெயில் காயும் வரை ஒன்றும் தெரியாது. பனியோ தூறலோ விழுந்தால் அந்த உப்பு கசிந்து, லைன் முழுக்க அப்பளம் பொரிகிற சத்தம் கேட்கும். பெரிய மழை கொட்டிப் பீங்கானைக் கழுவிவிட்டால் மறுபடி சுத்தமாகிவிடும். தூறலுக்குச் செத்து அடைமழைக்குப் பிழைக்கிற லைன் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். பொரிகிற நேரத்தில் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. நடுவில் இருக்கும் ஆபரேட்டருக்கு மட்டும் இரண்டும் அரைகுறையாகக் கேட்கும். அதனால் இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் நாங்கள்தான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் அண்ணன் தன் வேலையைக் காட்டுவார்.

ஒரு சாயங்காலம் நான் கிளம்பாமல் இன்னொரு ஹெட்செட்டைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் உப்பு முதலாளி ஒருவர் மெட்ராஸ் வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். "லாரி அனுப்புறேன்னு சொல்லிட்டு எவன் வூட்டு எழவுக்குப் போயிருக்கான்னு கேளுய்யா அவன" என்று முதலாளி கத்தினார். அண்ணன் மெட்ராஸ் பக்கம் திரும்பிச் சொன்னார்: "முதலாளி உங்கள ரொம்ப விசாரிச்சாருங்க. வூட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கறாரு. அப்படியே லாரி எப்ப வருதுன்னும் கேட்டாரு. கேக்குதா?" சண்டைக்குத் தயாராக இருந்த மெட்ராஸ்காரர் குரலை இறக்கிவிட்டார். "அவருக்குப் பெரிய மனசுப்பா. நாளைக்கே லாரி வந்துடும்னு சொல்லு" என்றார்.

அந்த இரண்டு பேரும் பின்னால் ஒரு கல்யாணத்தில் நேரில் சந்தித்து, கையை விடாமல் பேசிக்கொண்டிருந்தார்களாம். "எப்பவும் எங்க வூட்டப் பத்தி விசாரிப்பீங்களே" என்று மெட்ராஸ்காரர் சொல்ல, முதலாளி ஒன்றும் புரியாமல் தலையாட்டியிருக்கிறார்.

"அண்ணே, சொன்னத அப்படியே சொல்லணும்னுதான ரூல்?" என்று நான் அன்றைக்கே கேட்டேன்.

"ஏம்மா, இந்த லைன்ல ஏற்கெனவே எவ்ளோ உப்பு இருக்குது. நாம வேற போடணுமா? கேக்குதா?" என்றார்.

சீக்கிரமே ஊருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. மரக்காணத்தில் 'விசாரிப்பது' என்ற வார்த்தையே திசை மாறிவிட்டது. உப்பளத்தில் வேலைக்குப் பிந்தி வந்து திட்டு வாங்கியவன், "மேஸ்திரி இன்னிக்கு என்ன நல்லா விசாரிச்சாருப்பா" என்பான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால், "விடுங்கப்பா, எதுக்கு இப்டி விசாரிச்சிக்கிறீங்க" என்று விலக்குவார்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்து, "உங்கப்பாவ ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு" என்றால் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிடும்.

அவர் கல்யாணமும் வயர் வழியாகவே முடிந்தது என்பார்கள். அண்ணனுக்கு ஊர் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பெரிய முதலியார்சாவடி. அண்ணி பாண்டிச்சேரியில் ஒரு மில் ஆபீசில் போன் எடுக்கிற வேலையில் இருந்தவர், மாதா கோயில் தெருக் குடும்பம். தினம் நாலு தடவை "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அண்ணன் நம்பருக்குப் பதிலாகப் பெயரைக் கேட்டிருக்கிறார். கல்யாணம் ஆனதும் அண்ணியின் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது ஒரு கேக். விவிக்கம் என்று பாண்டிச்சேரிக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்குச் செய்வது. ரவையும் வெண்ணெயும் முட்டையும் முந்திரியும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, ரம்மில் ஊறிய திராட்சையைக் கலப்பார்கள். அங்கே பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்குவதை, அண்ணி இங்கே சட்டிக்குக் கீழேயும் மூடிக்கு மேலேயும் தணல் போட்டுச் சுடுவார். ஒரு பக்கம் கொஞ்சம் கருகும். அண்ணன் அந்தப் பக்கத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "இதுதாம்மா ருசி" என்பார். இதை அண்ணி நம்புவதில்லை.

மதுவிலக்கு திரும்ப வந்திருந்த நேரம் அது. பாண்டிச்சேரியில் கிடைக்கிற ரம்மைச் செக் போஸ்ட் தாண்டிக் கொண்டுவர முடியாது. அண்ணன் அங்கேயே ஒரு நண்பர் வீட்டில் திராட்சையை ஊறப் போட்டு, ரம்மை வடித்துவிட்டு, வெறும் திராட்சையைப் பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். ஒரு வருஷம் செக் போஸ்ட் போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறார். "இது இன்னாய்யா?" "திராட்ச ஊறுகா சார்." "ஊறுகாயில இந்த வாசன வருமா?" "எங்க மாமனார் வூட்டு ஊறுகா சார், அவுங்க கொஞ்சம் பெரிய எடம்" என்று பஸ்ஸே கேட்கும்படி சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு விட்டுவிட்டாராம். அந்த வருஷக் கேக்கில் திராட்சை கொஞ்சம் குறைவுதான்.

வருஷா வருஷம் அண்ணி இரண்டு கேக் செய்வார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்றை டப்பாவில் போட்டு, பாண்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அப்பா வீட்டுக்கு அனுப்புவார். கூடவே ஒரு கேள்வியும் போகும்: "கிறிஸ்மசுக்கு வரட்டுமான்னு அப்பாகிட்ட கேட்டு வாங்கண்ணே." கண்டக்டர் திரும்பி வந்து ஒரே பதிலைத்தான் சொல்வார். "அம்மா டப்பாவ வாங்கிக்கிறாங்க. ஐயா பேப்பர மூஞ்சிக்கு நேரா பிடிச்சிக்கிறாரு." நான் சொல்ல வந்த வருஷமும் டப்பா போனது, பேப்பர் மறைத்தது. இனிமேல் அனுப்பப் போவதில்லை, இதுதான் கடைசி என்று அண்ணி என்னிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார்.

கிறிஸ்மசுக்குச் சில நாள் முன்னால் ஒரு சாயங்காலம் எனக்குப் பஸ் வரவில்லை. மேற்கே ஓடை பெருகி ரோட்டை மூடிவிட்டது என்றார்கள். மரக்காணத்திலோ வெறும் தூறல். "நீ தனியா எங்கயும் போவாத. உங்க அண்ணியத் தொணைக்கு வரச் சொல்றேன், ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்று அண்ணன் சொன்னார். ஆள் அனுப்பவில்லை. வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தார். பின் தெருவிலிருந்து அண்ணி குடையோடும், வீட்டுக்கென்று செய்த கேக் டப்பாவோடும் வந்தார். வெளியார் உள்ளே வரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அண்ணி அதற்குக் கீழேதான் பாய் விரித்து உட்கார்ந்தார்.

அதுவரை நான் ராத்திரி டியூட்டியைப் பார்த்ததில்லை. பகலைவிட நூறு மடங்கு எரிச்சல். லைன் பொரிந்துகொண்டே இருந்தது. ராத்திரியில் பாதிக் கட்டணம் என்பதால் ஊரில் போன் உள்ள அத்தனை பேரும் அப்போதுதான் பேச வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "கேக்குதா? கேக்கலீங்க. திருப்பிச் சொல்லுங்க. கேக்கலீங்க" என்று அண்ணன் கத்திக்கொண்டே இருக்க, ஒரு புண்ணியவான் கேட்காததற்கு எங்களையே நன்றாக விசாரித்தார். இரண்டாவது ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு உதவிக்கு உட்கார்ந்த எனக்குத் தலை வெடித்தது. அண்ணி டப்பாவைத் திறந்து கத்தியை எடுத்தார். "மொதல்ல ஒரு துண்டு தின்னுங்க ரெண்டு பேரும். அப்பால கத்தலாம்" என்றார். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

அப்போதுதான் பாண்டிச்சேரி ஆபரேட்டர் அழைத்தார். யாரோ ஒரு பெரியவர் தந்தி ஆபீசிலிருந்து எங்கள் ஆபீசுக்கே கால் போட்டிருக்கிறார் என்றாராம். அண்ணன் "சொல்லுங்கய்யா, யாரு?" என்றார். கேட்டுவிட்டு மெல்ல எழுந்து நின்றார். போர்டின் முன்னால் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"அப்பாவா?" என்றார் அண்ணி. கத்தி கையிலேயே இருந்தது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கேக்கலீங்க. திருப்பிச் சொல்லுங்க மாமா" என்றார். மாமா என்று சொல்லிவிட்டு ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு முகம் சுருங்கியது. லைன் போய்விட்டது.

"அப்பா இன்னா சொன்னாரு?"

அண்ணன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். "உன்ன ரொம்ப விசாரிச்சாரும்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "எங்கிட்டயுமா?" என்றார். "ஊருக்கெல்லாம் சொல்ற மாதிரி எங்கிட்டயும் சொல்றீங்களா? அப்பா சொன்னத அப்படியே சொல்லுங்க. இல்லாட்டி நீங்க சொல்ற எதையும் இனிமே நான் நம்ப மாட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "கேக் வேணாம்னாரும்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அண்ணி டப்பாவை மூடினார். அழவில்லை. ஒரு கேக்கை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனுஷன் தந்தி ஆபீசுக்கு நடந்து போவானா என்று எனக்கு அந்தக் கிழவர் மேல் ஆத்திரமாக வந்தது. அண்ணனால் ஒரு ஆறுதலும் சொல்ல முடியவில்லை. எதைச் சொன்னாலும் இனிப்புத் தடவிச் சொல்கிறார் என்றாகிவிடும். ஊரில் உள்ள சண்டையையெல்லாம் ஆற்றிய வாய், வீட்டில் செல்லாமல் போயிற்று.

அப்புறம் வந்த கால் மெட்ராஸ் வியாபாரியுடையது. அதே உப்பு முதலாளிக்குத்தான். முதலாளியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அண்ணன் நடுவில் உட்கார்ந்தார். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கேட்டேன். மெட்ராஸ் குரல் பொரிந்து பொரிந்து வந்தது.

"லாரி வந்ததும் லோடு ஏத்திடலாமாங்க. கேக் வேணாங்கறாரு" என்று அண்ணன் முதலாளியிடம் சொன்னார்.

"இன்னாது?"

"கேக் வேணாமாங்க."

"நான் எப்பய்யா கேக் தரேன்னேன்? நான் உப்புதானய்யா விக்கிறேன்?"

"அவரு அப்படித்தாங்க சொல்றாரு."

"யோவ், என்னக் கேக்க வேணாம், ஒம்பாட்டுக்கு ஏத்துன்னு சொல்லியிருப்பான்யா அவன்" என்று முதலாளி உறுமிவிட்டு வைத்தார்.

நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். "அண்ணே, உங்க மாமனாரு கேக் வேணாம்னாரா, கேக்க வேணாம்னாரா?"

லைன் பொரிந்தபோது நடுவில் ஒரு எழுத்து விழுந்ததா இல்லையா என்று அண்ணனால் சொல்ல முடியவில்லை. அண்ணிதான் முதலில் பேசினார். "வரட்டுமான்னு நான் கேட்டனுப்பினேன். அதுக்குக் கேக்க வேணாம்னா, கேக்காம வான்னும் இருக்கலாம். இனிமே கேக்காதன்னும் இருக்கலாம்."

அது சரிதான். ஒரு வார்த்தைக்கு இரண்டு வாசல். எந்த வாசல் என்று தெரிய லைன் வேண்டும். பாண்டிச்சேரியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணனுக்கு விரல் வலித்தது. அப்பளச் சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. உப்பளத்துக்காரர்கள் எல்லோரும் கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரம் கரையக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த ராத்திரியில், நாங்கள் மூன்று பேர் மட்டும் மழை கொட்டட்டும் என்று வேண்டினோம். அண்ணன் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்து, "ஒரே ஒரு அடி அடிச்சுட்டுப் போயேன். கேக்குதா?" என்றார்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அது கேட்டது. ஓட்டின் மேல் கல்லைக் கொட்டியது போல வந்தது மழை. அண்ணன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். பொரிகிற சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பாண்டிச்சேரி ஆபரேட்டர் கொட்டாவி விடுவது கூடத் தெளிவாகக் கேட்டது.

"அந்தப் பெரியவரா?" என்றார் பாண்டிச்சேரி ஆபரேட்டர். "இங்கதான் பெஞ்சில உக்காந்துனு இருக்காரு. பதில் வராம போவ மாட்டேன்றாரு. இருங்க, தரேன்."

அண்ணன் ஹெட்செட்டைக் கழற்றி அண்ணியின் தலையில் மாட்டினார். என் ஹெட்செட் என் காதிலேயே இருந்தது. கழற்றத்தான் வேண்டும். கழற்றவில்லை.

"இப்ப கேக்குதா?" என்றது ஒரு வயதான குரல்.

"கேக்குதுப்பா" என்றார் அண்ணி.

"நீயா?" உடனே அந்தக் குரல் உயர்ந்தது. "அப்பன் வூட்டுக்கு வர்றதுக்கு யாராச்சும் கேப்பாங்களா? அதுவும் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பிக் கேப்பாங்களா? கேக்க வேணாம், கெளம்பி வான்னு ராத்திரி பூரா சொல்லிட்டு இருக்கேன், அந்த ஆளுக்குக் காது இல்லையா?"

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"உங்கம்மா இத்தன வருஷமும் அந்தக் கேக்க எனக்குக் காட்டாம அவளே தின்னுட்டு இருந்திருக்கா. இந்த வருஷம் அவளுக்குச் சக்கர வியாதின்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் எனக்குக் கெடச்சுது. ஆரஞ்சுத் தோல் பத்தல. ஒரு பக்கம் தீஞ்சு கெடக்குது. வந்து உங்கம்மாகிட்ட ஒழுங்காக் கத்துக்கோ."

"வரேம்பா."

"அவனையும் கூட்டிட்டு வா. அந்தக் களவாணிப் பய. போன் ஒயர்ல எம் பொண்ண இழுத்துட்டுப் போய் உப்புக் காத்துல காயப் போட்டிருக்கான். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வாசல்ல வந்து நின்னு மாமான்னு கூப்பிட்டானா? தடிமாடு. வரட்டும், அவனுக்கு இருக்குது."

அண்ணன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்றார்.

அண்ணி ஹெட்செட்டின் பேசும் முனையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"உங்கள ரொம்ப விசாரிச்சாரு" என்றார்.

அண்ணன் கிட்டே வந்தார். "ரொம்பவா?" என்றார்.

"ரொம்ப."

அவர் திறந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கையால் தலையை வாரிக்கொண்டு, கொட்டுகிற மழையில் குடை கூட எடுக்காமல் டீ வாங்கப் போனார். அண்ணி டப்பாவைத் திறந்து கேக்கை வெட்டினார். கருகிய பக்கத்தைத் தனியாக எடுத்து மூடி மேல் வைத்தார். எதிர்க் கடையில் அப்போதுதான் அடுப்புப் பற்ற வைத்திருந்தார்கள்.

"எம் மாமனாரு என்ன நல்லா விசாரிச்சாருப்பா" என்று அண்ணன் அங்கே சொல்வது, அந்த மழையையும் தாண்டி எங்களுக்குக் கேட்டது.